ஒரே கார், இரண்டு இன்ஜின்: லெக்சஸ் இஎஸ் 350, இஎஸ் 300எச் ஓட்டச் செலவு ஆய்வு

பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எத்தனை ஆண்டுகளில் திரும்பி வரும் என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைப்பது அரிது. வழக்கமான ஒப்பீடுகளில் இரண்டு கார்களுக்கும் உடலமைப்பு, எடை, வசதிகள், தயாரிப்பாளர் எல்லாமே மாறுபடுவதால், செலவில் தெரியும் வித்தியாசத்தில் இன்ஜினின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை. 2019 மாடல் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லெக்சஸ் இஎஸ் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு நீக்குகிறது. இஎஸ் 350 என்ற பெட்ரோல் காரும் இஎஸ் 300எச் என்ற ஹைபிரிட் காரும் ஒரே உடல், ஒரே உள்ளறை, ஒரே ஆண்டு, ஒரே ஷோரூம் என்று அமைந்தவை. முந்தைய தலைமுறை ஹைபிரிட்டில் டிக்கியின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டிருந்த பேட்டரி இந்தத் தலைமுறையில் பின்னிருக்கைக்கு அடியில் போய்விட்டதால், டிக்கியின் கொள்ளளவும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. இந்தியாவில் இந்தத் தலைமுறையில் இஎஸ் 300எச் மட்டுமே விற்கப்பட்டதால் அங்கே இந்த ஒப்பீட்டைச் செய்ய வழியில்லை. ஆகவே அமெரிக்க விலை, அமெரிக்கச் சோதனை அளவு, அமெரிக்கப் பெட்ரோல் விலை ஆகியவற்றைக் கொண்டே இந்த ஆய்வு எழுதப்படுகிறது.

இரண்டு கார்களும் அவற்றின் அளவுகளும்

இஎஸ் 350-இல் இருப்பது 3.5 லிட்டர் வி6 இன்ஜின், 302 குதிரைத்திறன், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். இஎஸ் 300எச்-இல் 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினும் மின்மோட்டார்களும் சேர்ந்து 215 குதிரைத்திறன் தருகின்றன. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட முன்னதற்கு 6.6 வினாடியும் பின்னதற்கு 8.1 வினாடியும் ஆகும் என்று நிறுவனம் அறிவித்தது. சேர்ப்பிக்கும் கட்டணம் நீங்கலாக இஎஸ் 350-இன் தொடக்க விலை 39,500 டாலர், இஎஸ் 300எச்-இன் தொடக்க விலை 41,310 டாலர். ஆக, ஹைபிரிட்டுக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது 1,810 டாலர். இந்த ஆய்வு முழுவதும் அந்தத் தொகையைச் சுற்றியே நடக்கிறது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவுப்படி இஎஸ் 350 ஒரு கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) நகரத்தில் 22 மைலும் நெடுஞ்சாலையில் 33 மைலும் ஓடும்; இரண்டும் கலந்த கணக்கில் 26 மைல். இஎஸ் 300எச் நகரத்தில் 43 மைலும் கலந்த கணக்கில் 44 மைலும் ஓடும். நெடுஞ்சாலை அளவும் அதே 44, 45 அளவில்தான் நிற்கிறது. நமக்குப் பழகிய அளவில் சொன்னால் முன்னது லிட்டருக்குச் சுமார் 11 கிலோமீட்டர், பின்னது 18.7 கிலோமீட்டர். கலந்த கணக்கு என்பது நகர ஓட்டத்துக்கு 55 விழுக்காடும் நெடுஞ்சாலைக்கு 45 விழுக்காடும் எடை கொடுத்துக் கணக்கிடப்படுவது. இந்தப் பங்கீடு எல்லோருக்கும் பொருந்துவதாக நினைத்துக்கொள்வதில்தான் பலருடைய கணக்கு தவறிப்போகிறது.

நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஹைபிரிட்டின் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதற்குக் காரணம் தெளிவானது. பெட்ரோல் கார் சிக்னலில் நிற்கும்போதும் எரிபொருளைக் குடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பிரேக்கிலும் அது சேர்த்து வைத்த வேகம் வெப்பமாக வீணாகும். ஹைபிரிட்டில் நிற்கும் நேரத்தில் இன்ஜின் அணைந்துவிடுகிறது, பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி அந்த ஆற்றலின் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்புகிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது திருப்பிப் பிடிக்க அதிகம் எதுவும் இல்லை. அங்கே மிச்சமாவதற்குக் காரணம் பெரும்பாலும் 41 விழுக்காடு வரை வெப்பத்திறன் கொண்ட, அதாவது எரிபொருளின் ஆற்றலில் அந்த அளவை வேலையாக மாற்றும், அந்தச் சிறிய இன்ஜின்தான்.

மைலில் அல்ல, கேலனில் எண்ண வேண்டும்

அமெரிக்காவில் புதிய காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எரிபொருள் ஸ்டிக்கரை அருகில் போய்ப் பார்த்தால், பெரிய எழுத்தில் கேலனுக்கு இத்தனை மைல் என்ற எண் இருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்ற எண்ணும் இருக்கும். செலவுக்குப் பயன்படுவது இந்தச் சின்ன எண்தான். இஎஸ் 350-க்கு அது 3.8, இஎஸ் 300எச்-க்கு 2.3. பெரிய எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் 26-இலிருந்து 44-க்குப் போவதும் 44-இலிருந்து 62-க்குப் போவதும் ஒரே அளவு இலாபம் என்று எண்ணக்கூடும், இரண்டிலும் 18 மைல்தானே கூடுகிறது என்று. ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டுபவருக்கு முதல் தாவலில் 236 கேலன் மிச்சமாகும். இரண்டாவது தாவலில் 99 கேலன்தான் மிச்சம். மைலேஜ் ஏற ஏற அடுத்தடுத்த மைலின் மதிப்பு குறைந்துகொண்டே போகிறது. ஆகவே ஏற்கெனவே நல்ல மைலேஜ் தரும் காரை வைத்திருப்பவர் இன்னும் சில மைலுக்காகப் பெரிய பணம் கொடுப்பது நியாயமாகாது. குறைந்த மைலேஜ் காரை விட்டு வருபவருக்கோ கொஞ்சம் ஏறினாலே பெரிய மிச்சம்.

15,000 மைல் என்பது ஸ்டிக்கரில் ஆண்டுச் செலவைக் கணக்கிட முகமை எடுத்துக்கொள்ளும் அளவு. அதன்படி இஎஸ் 350 ஆண்டுக்குச் சுமார் 577 கேலனும் இஎஸ் 300எச் 341 கேலனும் குடிக்கும். 2019-இல் ரெகுலர் பெட்ரோலின் நாடளாவிய சராசரி விலை கேலனுக்கு ஏறக்குறைய 2.60 டாலர். ஆண்டுச் செலவு முறையே 1,500 டாலர், 886 டாலர். மிச்சம் 614 டாலர். 1,810 டாலரை அதனால் வகுத்தால் மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவு.

இது வாங்கும் நாளில் செய்யும் கணக்கு. பெட்ரோல் விலை நாம் வாங்கிய நாளில் இருந்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை என்பதால், பின்னால் உண்மையில் வந்த ஆண்டுச் சராசரி விலைகளை வைத்து அதே கணக்கைத் திரும்பச் செய்து பார்ப்பது பயனுள்ளது. 2020-இல் சராசரி 2.17 டாலருக்கு இறங்கியது, 2021-இல் 3.01 டாலருக்கு ஏறியது. 2019-இன் தொடக்கத்திலேயே வாங்கி ஆண்டுதோறும் 15,000 மைல் ஓட்டியவருக்கு மூன்று ஆண்டு மிச்சம் 614, 512, 710 என்று கூடி 1,836 டாலராகிறது. 2021 முடியும் தறுவாயில் போட்ட பணம் திரும்பிவிட்டது. 2022-இல் சராசரி 3.95 டாலரைத் தொட்டபோது அந்த ஓர் ஆண்டிலேயே 932 டாலரும், 2023-இல் 3.52 டாலர் விலையில் 831 டாலரும் மிச்சம். ஐந்து ஆண்டில் மொத்தம் சுமார் 3,600 டாலர், அதாவது கூடுதல் விலையைப் போல இரு மடங்கு. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்தவர்கள் 2020-இல் இந்த அளவு ஓட்டியிருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் திரும்பும் காலம் நீண்டிருக்கும்.

முந்தைய தலைமுறையில் இதே கணக்கு வேறு விதமாக நடந்தது. 2013 மாடலில் இஎஸ் 350-இன் தொடக்க விலை 36,100 டாலர், முதன்முதலாக வந்த இஎஸ் 300எச்-இன் விலை 38,850 டாலர். வித்தியாசம் 2,750 டாலர். கலந்த அளவு 24 மைல், 40 மைல். ஆண்டுக்கு 250 கேலன் மிச்சம். அன்றைய 3.51 டாலர் விலையில் வாங்கும் நாளின் கணக்கு மூன்று ஆண்டுக்குச் சற்று மேல் என்று காட்டியது. ஆனால் 2014-இன் இரண்டாம் பாதியில் கச்சா எண்ணெய் விலை சரிந்து, 2015-இல் பெட்ரோல் சராசரி 2.43 டாலருக்கும் 2016-இல் 2.14 டாலருக்கும் இறங்கியது. அதனால் பணம் திரும்ப ஏறக்குறைய நான்கு ஆண்டு ஆயிற்று. ஹைபிரிட்டை விலை உச்சத்தில் இருக்கும்போது வாங்குவதும், விலை சரிந்ததும் அதை மறந்துவிடுவதும் வாங்குபவர்களின் வழக்கம். இந்த இரண்டு தலைமுறைகளின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மலிவான ஆண்டில் வாங்கியவருக்கே கணக்கு எதிர்பார்த்ததைவிட நன்றாக முடிந்திருக்கிறது.

யார் எங்கே ஓட்டுகிறார் என்பதே தீர்ப்பு

சராசரிக் கணக்கை இத்தோடு விட்டுவிட்டால் இந்த ஆய்வுக்குப் பயன் குறைவு, ஏனென்றால் முழுக்க நகரத்தில் ஓட்டுபவருக்கும் முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கிறது. நகரத்திலேயே 15,000 மைல் ஓட்டுபவருக்கு இஎஸ் 350 குடிப்பது 682 கேலன், இஎஸ் 300எச் குடிப்பது 349 கேலன். ஆண்டு மிச்சம் 333 கேலன், 2.60 டாலர் விலையில் 866 டாலர். இரண்டே ஆண்டில் கூடுதல் விலை திரும்பிவிடும். அதே 15,000 மைலை நெடுஞ்சாலையிலேயே ஓட்டுபவருக்கு இஎஸ் 350 சுமார் 455 கேலனும் இஎஸ் 300எச் சுமார் 335 முதல் 340 கேலனும் குடிப்பதால் மிச்சம் 115 முதல் 120 கேலன்தான். ஆண்டுக்கு 300 டாலரை ஒட்டிய தொகை. திரும்ப ஏறக்குறைய ஆறு ஆண்டு. ஒரே கார், ஒரே விலை, ஒரே தூரம். ஆனாலும் ஒருவருக்கு இரண்டு ஆண்டு, இன்னொருவருக்கு ஆறு ஆண்டு.

நியூஜெர்சியின் உள்சாலைகளில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று அலுவலகம் போய் வருபவர் முதல் வகை. டெக்சாஸில் ஊருக்கு ஊர் நெடுந்தூரம் ஓட்டி வியாபாரம் பார்ப்பவர் இரண்டாம் வகை. இரண்டாம் வகையினருக்கு 302 குதிரைத்திறன் வி6-ஐ விட்டுக்கொடுத்துப் பெறும் மிச்சம் அவ்வளவு பெரியதல்ல என்பதை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். ஹைபிரிட்டின் மேல் உள்ள மதிப்பால் அதை மறைப்பது முறையாகாது.

தட்பவெப்பமும் இந்தக் கணக்கில் நுழைகிறது. அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தகவல்படி, நகரத்தில் ஓட்டும்போது ஃபாரன்ஹீட் 77 டிகிரியில் கிடைக்கும் மைலேஜ் 20 டிகிரியில் சாதாரணப் பெட்ரோல் காருக்குச் சுமார் 15 விழுக்காடு குறைகிறது. ஹைபிரிட்டுக்கு 30 முதல் 34 விழுக்காடு வரை குறையக்கூடும். குளிரில் பேட்டரி மின்னை ஏற்பதும் தருவதும் மந்தமாகிறது. உள்ளறையைச் சூடாக்க வெந்நீர் வேண்டியிருப்பதால், அணைந்திருக்க வேண்டிய இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதைக் கணக்கில் போட்டுப் பார்த்தால் 20 டிகிரிக் குளிர் நாளின் நகர ஓட்டத்தில் ஹைபிரிட் 43-இலிருந்து 29-ஐ ஒட்டிய அளவுக்கும் பெட்ரோல் கார் 22-இலிருந்து 19-ஐ ஒட்டிய அளவுக்கும் இறங்கும். விழுக்காட்டில் ஹைபிரிட்டின் இழப்பு இரு மடங்கு. ஆனால் 100 மைலுக்கு அப்போதும் ஏறக்குறைய 1.8 கேலன் குறைவாகவே குடிக்கிறது. மின்னசோட்டாவில் இருப்பவர் திரும்பும் காலத்தைச் சற்று நீட்டிக்கொள்ளலாம், அதற்காக முடிவையே மாற்ற வேண்டியதில்லை.

ரெகுலரா, பிரீமியமா

நடுத்தர அளவுச் சொகுசு செடான்களில் ஓட்டச் செலவைச் சத்தமில்லாமல் கூட்டுவது பிரீமியம் பெட்ரோல். ஜெர்மானிய டர்போ இன்ஜின்கள் பெரும்பாலும் 91 ஆக்டேனை (பெட்ரோலின் தரத்தைக் குறிக்கும் எண்) கேட்கின்றன. இங்கே பேசும் இரண்டு இஎஸ் கார்களும் 87 ஆக்டேன் ரெகுலரில் ஓடக் கூடியவை. 2019-இல் பிரீமியம் ஒரு கேலனுக்கு ரெகுலரைவிடச் சுமார் 60 சென்ட் கூடுதல். அப்படியானால் பிரீமியம் கேட்கும் ஒரு கார் இஎஸ் 350-இன் எரிபொருள் செலவுக்குச் சமமாக வர வேண்டுமென்றால் கலந்த கணக்கில் 32 மைல் கொடுக்க வேண்டும். இஎஸ் 300எச்-க்குச் சமமாக வர 54 மைல் வேண்டும். அவ்வாண்டின் மெர்சிடஸ் இ 300, பிஎம்டபிள்யூ 530ஐ இரண்டுமே கலந்த கணக்கில் 30-ஐத் தொடவில்லை. மைலேஜ் எண் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் இரண்டு சொகுசு கார்களில் ஒன்றின் பெட்ரோல் செலவு கால் பங்கு கூடிப்போவது இப்படித்தான்.

இதற்கு நேரெதிரான வீண்செலவும் உண்டு. ரெகுலர் போதும் என்று தயாரிப்பாளரே சொல்லும் காருக்குச் சொகுசு கார் என்ற ஒரே காரணத்தால் பிரீமியம் போடுபவர்கள் இருக்கிறார்கள். ரெகுலருக்கென வடிவமைத்த கார்களில் பிரீமியம் போடுவதால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கமான ஏஏஏ 2016-இல் சோதித்துச் சொன்னது. இஎஸ் 350-க்கு ஆண்டு முழுதும் பிரீமியம் போட்டால் 346 டாலர் வீணாகும். ஹைபிரிட் நெடுஞ்சாலையில் மிச்சப்படுத்தும் தொகையைவிட அது அதிகம்.

சர்வீஸ், பேட்டரி, மாநிலக் கட்டணம்

பராமரிப்பில் இரண்டு கார்களுக்கும் அட்டவணை ஏறக்குறைய ஒன்றுதான். சிந்தெடிக் ஆயிலை 10,000 மைல் அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், 5,000 மைலுக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்ற வேண்டும். ஹைபிரிட்டில் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் அதை ஓட்டும் பெல்ட்டும் இல்லை. பிரேக் வேலையின் பெரும்பகுதியை மோட்டார் செய்துவிடுவதால் பிரேக் பேடுகள் நெடுநாள் வருகின்றன. கூடுதல் பொருள் என்றால் பேட்டரி. அதன் மீதுதான் எல்லோருக்கும் பயம். 2019 மாடலுக்கு அந்த உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 100,000 மைல். 2020 மாடலிலிருந்து 10 ஆண்டு அல்லது 150,000 மைல். உத்தரவாதம் முடிந்த பின் மாற்ற நேர்ந்தால் சில ஆயிரம் டாலர் ஆகும். ஐந்தாண்டில் சேர்ந்த மிச்சத்தை அது விழுங்கிவிடக்கூடும் என்பதால் பயத்தைத் தேவையற்றது என்று தள்ளிவிட முடியாது.

அந்தப் பேட்டரியின் ஆயுளை உரிமையாளரால் நேரடியாகக் காக்க முடிகிற இடம் ஒன்று இருக்கிறது. பின்னிருக்கையின் அடியில், உட்காருபவரின் குதிகாலுக்குப் பின்னே, சிறு காற்றுத் துளைச் சட்டம் ஒன்று இருக்கும். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று உள்ளறையிலிருந்து அதன் வழியாகத்தான் உறிஞ்சப்படுகிறது. குழந்தைகள் சிந்தும் பிஸ்கட் தூள், கம்பளி இழை, நாய் முடி எல்லாம் அந்தச் சட்டத்தின் பின்னே உள்ள வடிகட்டியில் சாம்பல் நிறப் படலமாகப் படிந்துவிடும். படலம் தடித்தால் விசிறி வேகமாகச் சுழன்றும் பேட்டரி சூடாகவே இருக்கும். சூட்டில்தான் பேட்டரி கெடுகிறது. சட்டத்தைக் கழற்றி வடிகட்டியைச் சுத்தம் செய்ய அதிக நேரம் ஆகாது. அங்கே பையையோ போர்வையையோ சாய்த்து வைக்காமல் இருப்பது அதைவிட எளிது.

சில மாநிலங்கள் ஹைபிரிட் உரிமையாளரிடம் தனிக் கட்டணமும் வாங்குகின்றன. பெட்ரோல் வரியிலிருந்து வர வேண்டிய சாலைப் பணம் குறைகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஓஹியோவில் 2020 முதல் ஆண்டுக்கு 100 டாலர். நகர நெடுஞ்சாலைக் கலப்பில் ஓட்டும் ஓஹியோக்காரருக்கு 614 டாலர் மிச்சம் 514 ஆகி, பணம் திரும்ப மூன்றரை ஆண்டாகிறது. நெடுஞ்சாலையிலேயே ஓட்டும் ஓஹியோக்காரருக்கோ 300 டாலரில் 100 போய், ஆறு ஆண்டு ஏறக்குறைய ஒன்பது ஆண்டாக நீளுகிறது. குறைவாக எரித்தவருக்கு விதிக்கும் இந்தக் கட்டணம் எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் கணக்கில் அது இருக்கிறது, வாங்குவதற்கு முன் தம் மாநிலத்தின் பதிவுக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய செலவு எது

இவ்வளவு நேரம் பெட்ரோலைப் பேசிவிட்டாலும், சொகுசு காரின் மிகப் பெரிய செலவு பெட்ரோல் அல்ல. ஏஏஏ 2019-இல் வெளியிட்ட கணக்கில், ஆண்டுக்கு 15,000 மைல் ஓடும் புதிய காரின் சராசரி மொத்தச் செலவு 9,282 டாலர். அதில் மதிப்புத் தேய்மானம் மட்டும் 3,334 டாலர், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அது எல்லா வகைக் கார்களுக்குமான சராசரி. 40,000 டாலருக்கு வாங்கிய செடான் ஐந்து ஆண்டில் பாதி விலைக்கு வந்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டால் தேய்மானம் ஆண்டுக்கு 4,000 டாலர். இஎஸ் 350-இன் பெட்ரோல் செலவைப் போல அது இரண்டரை மடங்குக்கு மேல்.

இதிலிருந்து நடைமுறையில் இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஏற்கெனவே இஎஸ் 350 வைத்திருப்பவர் பெட்ரோல் விலை ஏறிவிட்டதே என்று அதை விற்றுப் புதிய ஹைபிரிட் வாங்குவது நட்டத்தில்தான் முடியும். ஆண்டுக்கு 600 டாலர் மிச்சப்படுத்த, புதிய காரின் முதல் ஆண்டுகளின் தேய்மானத்தைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார் அவர். புதிதாக வாங்கியே தீர வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு இதே 600 டாலர் முழு இலாபம், ஏனென்றால் தேய்மானம் அவருக்கு எந்த இன்ஜினை எடுத்தாலும் உண்டு. மூன்று ஆண்டு லீஸில் எடுப்பவர் முழு 1,810 டாலரையும் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு கார்களுக்கும் மாதத் தவணையில் உள்ள வித்தியாசத்தை, மாதம் சுமார் 50 டாலர் பெட்ரோல் மிச்சத்தோடு ஒப்பிட்டாலே போதும்.

2026 மாடலாக அறிவிக்கப்பட்ட புதிய தலைமுறை இஎஸ் ஹைபிரிட், மின்கார் என்ற இரண்டு வடிவங்களில் மட்டுமே வருகிறது. வி6 அதில் இல்லை. ஆகவே இந்த ஒப்பீடு இனிப் பழைய கார் சந்தைக்கே உரியது. அங்கே 2019 மாடல் இஎஸ் 300எச்-ஐப் பார்ப்பவர் அதன் 8 ஆண்டு பேட்டரி உத்தரவாதம் 2026, 2027-இல் முடிந்துவிடும் என்பதை நினைவில் வைத்துப் பேரம் பேச வேண்டும். 2020 மாடலும் ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைத்தால், கூடுதலாக வரும் இரண்டு ஆண்டு, 50,000 மைல் உத்தரவாதத்துக்காக அதையே எடுப்பது மேல். எந்த ஆண்டு மாடலாக இருந்தாலும் பின்னிருக்கைக்கு அடியில் உள்ள வடிகட்டியைக் கழற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.